சத்தம் நின்ற விதம்

தம்பி,

நீ அனுப்பிய செய்தியை நான் வாசித்துவிட்டேன் என்று உன் தொலைபேசி உனக்குக் காட்டியிருக்கும். வாசித்து இன்றைக்கு ஒன்பது நாள். உன் மாமியின், என் அக்காவின், செத்த வீடு முடிந்ததில் இருந்து ஒரு வருடமாக என்னோடு ஒரு சொல் கதைக்காத நீ, நாலே நாலு வரி எழுதியிருக்கிறாய். "அப்பா, அடுத்த மாதம் எனக்குக் கலியாணம். உங்களுக்குச் சொல்ல முதல் ஒண்டு கேக்கவேணும். மாமியின்ரை மரண அறிவித்தல் போகேக்கை உங்கடை வான் றேடியோவிலை சத்தம் எப்பிடி நிண்டது? மெல்ல மெல்லவோ, டக்கெண்டோ?" வேறு ஒன்றும் இல்லை. சுகமா என்றுகூட இல்லை. சரி, நான் மட்டும் உன்னைச் சுகம் கேட்டுக் கிழித்தேனா?

ஒரு சொல்லில் பதில் எழுதலாம். மெல்ல மெல்ல என்று எழுதினால் நீ கலியாணக் கார்ட்டோடு இணுவிலுக்கு வருவாய், நானும் வேட்டி சால்வையோடு உன் பக்கத்தில் வந்து நிற்பேன். டக்கென்று என்று எழுதினால் வரமாட்டாய். இது எனக்கு விளங்காது என்று நினைத்தாயா? அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவனே நீதானே. ஒன்பது நாளாக அந்த ஒரு சொல்லை எழுத விரல் வரவில்லை. அதனால்தான் உன் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் நடுத்தாளைக் கிழித்து இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள். நீ கேட்ட பிறகு நான் செய்கிற ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

நீ அந்த றேடியோவை என் வானில் பொருத்திப் பூட்டிய நாளில் இருந்து தொடங்குகிறேன். கொழும்பில் இருந்து பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். நான் காய்கறி ஏற்றி ஓடுகிற யப்பான் வானோடு வந்த றேடியோவுக்கு எங்கள் நிலையங்களில் பாதி பிடிக்காது. அலைவரிசையில் அவர்கள் நாட்டு நிலையங்கள் கீழே இருக்கின்றன, எங்களுடையவை மேலே என்று சொன்னாய். யாரோ ஒருவன் இடையில் ஒரு சின்னப் பெட்டியைக் கோத்துவிட்டிருந்தான். அது பாட்டை விட இரைச்சலைத்தான் அதிகம் தந்தது. நீ அதைக் கழற்றிப் பூவரசு வேலிக்கு மேலால் எறியப் போனாய், நான்தான் "எறியாதை, ஆருக்கும் உதவும்" என்று பறித்து வைத்தேன். இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் உதவவில்லை.

புது றேடியோவின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினாய். உள்ளே வெறும் வெளி. "உதென்ன, நகத்தளவிலை ஒண்டு மட்டும் கிடக்கு?" என்று கேட்டேன். "அதுதான் அப்பா டி.எஸ்.பி." என்றாய். "ஆர், இந்தியப் படத்திலை வாற பொலிஸ்காரனே?" என்றேன். நீ சிரித்தாய். என்னோடு நீ வாய்விட்டுச் சிரித்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், எண்ணி முடியவில்லை. அதனால்தான் அன்றைக்கு நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் பாடம். ஏரியலில் விழுகிற அலையைக் கொஞ்சம் மெதுவானதாக இறக்கி, பிறகு ஒரு செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை அளந்து அளந்து இலக்கமாக்கிவிடும் என்றாய். அதற்குப் பிறகு உள்ளே அலையும் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் பெருக்கலும் கூட்டலும்தான் என்றாய். பக்கத்து நிலையம் இடித்துக்கொண்டு வந்தால், பழைய றேடியோவில் அதைத் தடுக்கிற பாகம் எப்போதும் ஒரே அகலத்தில்தான் வழி விடுமாம். இதில் அந்த வழியே ஒரு கணக்காம். நெருக்கடி என்றால் ஒடுக்கும், இல்லாவிட்டால் அகட்டும். பிறகு எல்லாவற்றையும் திருப்பிச் சத்தமாக்கிக் கதவில் இருக்கிற ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

மோட்டார் சைக்கிள் பக்கத்தால் போகும்போது பாட்டுக்குள் 'டிக் டிக்' என்று விழுமே, அது அதன் பிளக்கில் அடிக்கிற பொறி என்றாய். இந்த நகத்தளவுச் சில்லு அந்தப் பொறியை விழுகிறபோதே பிடித்து, அந்த இமைப்பொழுதை வெட்டி எறிந்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற சத்தத்தைப் பார்த்து இடைவெளியைத் தானே நிரப்பிவிடுமாம். "அப்ப அந்த இடத்திலை பாடுறது பாட்டுக்காரன் இல்லை, உவன்தானே?" என்றேன். "ஓம், கொஞ்சம்" என்றாய். "கள்ளப் பயல்" என்றேன். பிறகுதான் நீ இப்போது கேட்டிருக்கிற விஷயத்துக்கு வந்தாய். நிலையத்தை விட்டு விலகிப் போகப் போக அலை மெலியும். பழைய றேடியோ என்றால் இரைச்சலோடு இழுத்துப் பறித்துக் கேட்கும். இது அப்படி விடாது. முதலில் இடம் வலம் என்று பிரிந்து கேட்ட பாட்டை நடுவுக்கு ஒதுக்கும். பிறகு கூர்மையான சத்தங்களை மழுக்கும். அதற்கும் மேலே மெலிந்தால் ஒலியையே கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, கடைசியில் ஒன்றும் கேட்காமல் செய்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் வராது? "இரைச்சலோடை எண்டாலும் எனக்கு விளங்கும். அதை மறைக்க உவன் ஆர்?" என்று கத்தினேன். "ஆக்களுக்கு இரைச்சல் பிடிக்காது அப்பா. அவையள் கேக்கமுதலே இது மறைச்சுப் போடும். ஆனா ஒண்டு, ஒருக்காலும் டக்கெண்டு நிக்காது. டக்கெண்டு நிண்டால் வயர் கழண்டிருக்கவேணும், இல்லாட்டி ஆரும் நிப்பாட்டியிருக்கவேணும்" என்றாய். அன்றைக்கு மத்தியானம் வானின் படியில் இருந்து ஒரே சோற்றுக் கோப்பையில் இருவரும் சாப்பிட்டோம். பின்னேரம் நீ அரியாலைக்கு, உன் மாமியிடம் போய்விட்டாய். அதுதான் உன் வீடு. அதில் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. இருந்தது, அதுதான் எல்லாக் கேட்டுக்கும் வேர்.

உனக்கு ஆறு வயதில் உன் அம்மா காய்ச்சலில் போனாள். நான் லொறி ஓடுகிறவன், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இல்லை. என் அக்கா, உன் மாமி, யாரும் கேட்காமலே வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லாதவள். எட்டு வருடம் அவள் உன்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் விட்டு, காய்ச்சலுக்கு முழித்திருந்து வளர்த்தாள். நான் மாதத்தில் இரண்டு தரம் மாம்பழத்தோடு வந்து அப்பன் என்று காட்டிவிட்டுப் போவேன். அப்படி இருக்க, இணுவிலில் தேர் அன்றைக்கு ஒருவன் என்னைப் பகிடி பண்ணினான். "உன்ரை பெடியன் அக்காவை அம்மா எண்டெல்லோ கூப்பிடுறான், தெரியுமே?" அவன் சும்மா சொன்னான். நான் சும்மா விடவில்லை.

அடுத்த நாள் சரசுவதி பூசை. அரியாலை வீட்டில் அயல் சனம் எல்லாம் அவலும் கடலையும் வாங்க நிற்கிறது. நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன், நீ வரமாட்டேன் என்றாய். உனக்கு அப்போது பதினாலு வயது, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாய். அக்கா குறுக்கே வந்து, "தம்பி, பெடியனை விடு, சோதினை முடியட்டும்" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று நீ கேட்டாய், அவளுக்குப் பின்னால்தான் நின்றாய். மலடிக்கு மற்றவளின் பிள்ளை எதற்கு என்று கேட்டேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் கேட்டேன். அவள் அழவில்லை. "சொல்லிப்போட்டாய். சரி. இனி இந்த வாசல் படலையைத் திறவாதை" என்றாள். நான் திறக்கவில்லை. பதினாலு வருடம் திறக்கவில்லை. போய்க் காலில் விழுந்திருந்தால் ஒரு கிழமை ஏசிவிட்டுச் சோறு போட்டிருப்பாள், அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் போகாதவனை என்னவென்று சொல்வது?

உனக்குக் கலியாணம் நடக்கப் போகிறது, அதனால் இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோபத்தில் வாயை விடாதே என்று உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன், நீ என் பிள்ளை, விடத்தான் செய்வாய். ஆனால் விட்டால் அடுத்த நாள் காலையிலேயே போய் நீ கட்டப்போகிற பிள்ளைக்கு முன்னால் நில். அவள் கத்தினால் கத்தட்டும், நின்று கேள். இரண்டாம் நாள் போவது கஷ்டம். ஒரு மாதம் போனால் போவதற்கு ஒரு காரணம் தேவைப்படும். ஒரு வருடம் போனால் போகாமல் இருப்பதே உன் குணம் என்று சனமும் நம்பும், நீயும் நம்புவாய்.

அவளுக்குச் சுகமில்லை என்று நீ இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாய். "ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா" என்றாய். "பாப்பம்" என்றேன். யாழ்ப்பாணத்துக்குக் கத்தரிக்காய் இறக்கப் போன நாளில் ஆசுப்பத்திரி வாசல்வரை வானைக் கொண்டுபோனேன். பார்வையாளர் நேரம், சனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு முச்சக்கர வண்டிக்காரன் பின்னால் நின்று கோர்ண் அடித்தான். அதையே சாட்டாக வைத்துத் திரும்பிவிட்டேன். இதை உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டும், செத்த வீட்டுக்குக் கேள்விப்பட்டால் போதும். எந்தப் பகையாளியும் மரண அறிவித்தலைக் கேட்டால் எழும்பிப் போவான், போனால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். அக்காவுக்கும் இது தெரியும். நான் வானில் மத்தியான அறிவித்தலை ஒரு நாளும் தவறவிடாதவன் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சாகக் கிடக்கையில் உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவனுக்கு ஒருத்தரும் போய்ச் சொல்லவேண்டாம். றேடியோவிலை கேட்டு வந்தால் வரட்டும். வந்தால் என்ரை தலைமாட்டிலை நிக்க விடு." இதை நீ எனக்குச் சொன்னது அவளை எரித்த அடுத்த நாள். பிள்ளையாக நீதான் கொள்ளி வைத்தாய். தொலைபேசியில்தான் சொன்னாய். "ஏன் அப்பா வரேல்லை? கேக்கேல்லையோ?" என்றாய்.

நான் உடனே சொன்னேன், கொஞ்சமும் யோசிக்காமல். "கேக்கேல்லையடா. கடற்கரைப் பக்கம் நிண்டனான். நீ பூட்டின றேடியோ சத்தத்தை விழுங்கிப் போட்டுது." நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். சொன்ன பொய்யை நான் அந்த அளவிலாவது விட்டேனா? சந்தைக்குப் போனால் சந்தையில், சலூனுக்குப் போனால் சலூனில், "என்ரை மோன் பூட்டின பெட்டி என்ரை கழுத்தை அறுத்துப் போட்டுது, கூடப் பிறந்தவளின்ரை சாவுக்குப் போகவிடேல்லை" என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சனம் என்னைப் பார்த்துப் பாவப்பட்டது. நீ எனக்குத் தந்த ஒரே பொருளின் மேல் பழியைப் போட்டு, அந்த அனுதாபத்தில் ஒரு வருடம் பிழைத்தேன். அதுவும் உன் காதுக்கு வந்திருக்கும்.

இனி இந்த ஒன்பது நாளில் செய்ததைச் சொல்கிறேன், காறித் துப்பு. உன் செய்தி வந்த மறுநாள் வானை எடுத்துக்கொண்டு வடமராட்சி கிழக்குக் கரை வீதிக்குப் போனேன். கண்ணாடியைப் பூட்டி, அதே நிலையத்தை வைத்து, மெதுவாக ஓட்டினேன். நீ சொன்னது அச்சொட்டாக அப்படியே நடந்தது. சவுக்குத் தோப்புத் தாண்டியதும் இரண்டு கதவிலும் கேட்ட பாட்டு நடுவுக்கு வந்தது. பிறகு தாளத்தின் கூர் மழுங்கியது. பிறகு பாடுகிறவர் வேறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது போல இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. திரும்பிப் போய் மறுபடியும் ஓட்டினேன். மூன்று தரம் ஓட்டி, உனக்குச் சொல்வதற்கு ஒவ்வொன்றையும் வரிசைப்படி பாடமாக்கினேன். நீ என்ன கேட்டாலும் பிடிபடாமல் சொல்ல இப்போது எனக்குத் தெரியும். நீ நம்புவாய். நம்ப வேண்டும் என்றுதான் நீ கேட்டிருக்கிறாய், அதுவும் எனக்கு விளங்குகிறது. வருகிற வழியில் வானை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அறுபத்து நாலு வயதில் ஒரு பொய்க்கு ஒத்திகை பார்க்கிற மனிதனை நினைத்து அழுதேன்.

டக்கென்றுதான் நின்றது, தம்பி.

அறிவித்தல் போன அன்றைக்கு நான் தோப்புக்குக் கிட்டவும் போகவில்லை. புதுக்காட்டுச் சந்தியில் இருந்து திரும்பிக் கொஞ்ச தூரம்தான். அலை நல்ல தெளிவு. அறிவித்தலுக்கு முன்னால் வருகிற புல்லாங்குழல் முடிந்து, ஒரு பெண் வாசிக்கத் தொடங்கினாள். இணுவிலைப் பிறப்பிடமாகவும் அரியாலையை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கினாள். எத்தனையோ பேர் அப்படி இருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு அக்காவின் பெயரைச் சொன்னாள். காலமானார் என்றாள். அன்னார் இன்னாரின் அன்பு மகளும் என்று என் ஐயாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொன்னாள். அத்தானின் பெயரைச் சொல்லி, அன்பு மனைவியும் என்றாள். அந்த இடத்தில் அவள் ஒரு மூச்சு எடுத்தாள். அடுத்தது கூடப் பிறந்தவர்கள். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். என் கை போய் றேடியோவை நிற்பாட்டியது. கை என்று சொல்லித் தப்பக்கூடாது, நான்தான் நிற்பாட்டினேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? வெங்காய மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கினேன். கடைக்காரர், "என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார். "வெயில்" என்றேன். தேத்தண்ணி குடித்தேன். நேராக வந்திருந்தால் சவம் எடுக்கமுன் அரியாலைக்கு வந்திருக்கலாம். நான் இணுவிலுக்கு வந்து, கிணற்றடியில் சாவுத் துடக்குக்குத் தலை முழுகினேன். அறிவித்தலைக் கேட்காதவன் ஏன் முழுகினான் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அந்த அறிவித்தலை எழுதிக் கொடுத்தவன் நீ. சொல்லித் தந்தவள் அவளாக இருக்கும், தன் சாவையும் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் போகிற ஆள். என் பெயர் அதில் இருந்ததா இல்லையா என்று உங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அன்றைய பத்திரிகையை நான் பார்க்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவுப் புத்தகம் வேறொரு வீட்டில் மேசையில் கிடந்தபோது அதன் மேல் என் தொப்பியை வைத்தேன். இருந்தது என்றால், அவள் என்னைத் தம்பி என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், நான் வெங்காயம் இறக்கப் போயிருக்கிறேன். இல்லை என்றால், எனக்கு அக்கா என்று ஒருத்தி பதினாலு வருடமும் இல்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் நீ எனக்கு அதைச் சொல்லாதே.

றேடியோவில் ஒரு பழுதும் இல்லை. நீ பூட்டியது பூட்டியபடி நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதை இன்றைக்குச் சந்தையிலும் சொல்லிவிட்டேன். முந்தி என் பொய்யை நம்பியவர்கள் தங்கள் மூட்டையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையின் கழுத்தில் தாலி கட்டும்போது அரியாலைப் பக்கத்துச் சனம் யாரும் உன்னிடம் அப்பா எங்கே என்று கேட்டால், அவருக்குக் கலியாணம் சொல்லவில்லை என்று சொல், காரணம் கேட்டால் காரணத்தையும் சொல், வெட்கப்படாதே. என்னை நினைத்துப் பாவப்பட்டு மனதை மாற்றவும் வேண்டாம்.

கலியாணக் கார்ட் அடித்து முடிந்திருக்கும். அதிலும் இன்னாரின் மகன் என்று ஒரு இடம் வரும். எனக்கு ஒன்று அனுப்பாதே, தம்பி. வந்தால் நான் உறையைப் பிரிக்கப் போவதில்லை.

அப்பா